எண்ணத் தெரிந்த பெட்டி

புதிதாய்ப் பிறந்த பேத்தியின் இரத்தப் பரிசோதனைத் தாளில், வெள்ளை அணுக் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

"இது என்ன மகள்?"

"அது மெஷின் போடுறது அங்கிள். பச்சப் புள்ளைங்களுக்கு அடிக்கடி வரும்" என்றாள் ஆய்வுகூடப் பெண்.

அங்கே அடித்த ஸ்பிரிட் வாடை என்னைப் பிடரியில் பிடித்து எழுபதுகளின் மாத்தளைக்கு இழுத்துப்போனது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்ப்பது என் வேலை. அணுக்களை எண்ணும் மெஷின் வந்த அன்று தேங்காய் உடைத்து, சந்தனப் பொட்டும் வைத்தோம். சிரிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கே இருந்த ஒற்றை ஏசி அதன் அறையில்தான். நோயாளிகளுக்கு விசிறிமட்டை. மெஷினுக்குப் பூசாரி நான்.

ஒருநாள் மஞ்சள் பூத்த கைக்குழந்தையின் இரத்தம் வந்தது. மெஷின் வெள்ளை அணுக்களை அள்ளிக் கொட்டியது. மறுபடி போட்டேன், அதே கதை. என் இரத்தத்தைப் போட்டுப் பார்த்தேன், கச்சிதம். ஆகவே மெஷினில் பிழையில்லை, பிள்ளையில்தான் பிழை என்று தீர்ப்பெழுதினேன். இரத்தப் புற்றுநோய் என்ற பேச்சு எனக்கு முன்பே வார்டுக்கு ஓடிவிட்டது.

பிள்ளையின் வாப்பா பலாபத்வலையில் மிளகு வியாபாரி. என் அறை வாசலில் வந்து நின்று மெஷினைப் பார்த்தார்.

"பெட்டி செல்லிட்டா தம்பி? புள்ளக்கி ஆயுசு, ஹயாத்து இல்லாட்டி ஊட்டுக்கே கொண்டு போறேன். உம்மாட மடியில ஈக்கட்டும்."

பின்னாலேயே குழந்தை வார்டு டொக்டரம்மா. "இருங்க நானா, அவசரப்படாதீங்க" என்றவர் என்னிடம் திரும்பினார். "ஸ்லைட் பாத்தீங்களா?"

"மெஷினே ரெண்டு தரம் சொல்லிருச்சு டொக்டர்."

"அது எண்ணும். பாக்குமா?"

மைக்ரோஸ்கோப்பின்மேல் என் குடை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவிச் சாயமிட்டுக் கொடுத்தேன். பார்த்தவர் என்னையும் பார்க்கச் சொன்னார். எங்கும் முற்றாத சிவப்பணுக்கள், நடுவில் கருவோடு. சிவப்பைக் கரைத்துவிட்டு, மிஞ்சுவதையெல்லாம் வெள்ளையென்று எண்ணுவதுதான் மெஷினின் வித்தை. கரு கரையவில்லை, அதையும் வெள்ளையில் சேர்த்துவிட்டது. தாயின் இரத்தம் ஒவ்வாமல் சிவப்பணுக்கள் உடைய உடைய, பிள்ளையின் உடம்பு பிஞ்சுகளையே களத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. புற்றுநோயாவது, மண்ணாவது! இரத்தம் மாற்றினார்கள். பிள்ளை பிழைத்தது.

வாப்பா ஒரு சட்டி வட்டிலப்பத்தோடு வந்தார். "அந்தப் பெட்டிக்குத்தான் துஆ கேக்குறேன் தம்பி!" டொக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பூசாரி என்ற முறையில் பெரிய துண்டை நான் எடுத்துக்கொண்டேன்.

இன்றைய மெஷினுக்குக் கொஞ்சம் அடக்கம் வந்திருக்கிறது. 'எனக்குச் சந்தேகம், நீங்கள் பாருங்கள்' என்பதுதான் அந்த நட்சத்திரம்.

"ஸ்லைட் பாத்தீங்களா மகள்?"

"ஸ்லைடா? அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா அங்கிள்!"

மூலையில் உறை போட்ட மைக்ரோஸ்கோப். அதன்மேல் யாருடைய குடையோ காய்ந்துகொண்டிருந்தது.

"அந்தக் குடைய எடுங்க" என்றேன்.