சுவரில் ஒரு கேடயம்

வெளியூரில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அக்கா முதல் லீவுக்கு வந்ததும், அப்பா கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார். கட்சிச் சின்னம் எழுதுகிற பெயின்டர் ஒருவரைக் கையோடு கூட்டிவந்தார். கரியாலூர் போகிற சாலையை ஒட்டி எங்கள் வீடு. பஸ்ஸில் போகிற அத்தனை பேரும் பார்க்க வேண்டுமாம். அலட்டலில் எங்கள் அப்பாவை அடிச்சுக்க ஆளே கிடையாது.

அக்காவின் பையில் இருந்த பல்கலைக்கழகச் சின்னத்தைப் பார்த்து, மிச்சமிருந்த கட்சிப் பெயின்டில் எங்கள் சுவரில் வரைந்தார் பெயின்டர். பெரிய கேடயம். அதற்குள் மேலே சிலுவை, நடுவில் விரித்த புத்தகம், கீழே தன் நெஞ்சைத் தானே கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் பறவை.

"சண்டைக்குப் போறவங்க கையில புடிக்கிறதுப்பா கேடயம். படிப்பும் விசுவாசமும் நம்மளக் காப்பாத்தும்னு அர்த்தம்" என்றாள் அக்கா. அப்பா காதில் விழுந்தது கேடயம் மட்டும்தான். கபடியில் ஜெயித்தால் கொடுப்பார்களே, அது. "எம் பொண்ணு கேடயம் வாங்கிக்கினு வந்துருக்கு" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்குப் பறவைதான் பிடித்தது. "இன்னாடி இது, நாரையா?"

"கூழைக்கடாம்மா. ஏசுவுக்கு அடையாளம். பசிச்ச புள்ளைங்களுக்கு ரத்தத்தையே குடுக்குது."

"குடுத்துட்டு அது பொழைக்குமா?"

அது அக்காவுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை என்றாள்.

அவள் இரண்டாவது வருஷம் படிக்கும்போது, மரவள்ளிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அப்பா கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. "ரெண்டு மாசம் பாத்துட்டு போயிடுவேன்" என்று வந்தாள் அக்கா. ஒவ்வொரு ஜூனிலும் பையைத் துடைத்து வைப்பாள். "வர்ற வருசம் போயிடலாம்மா" என்பார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த வருஷம்? அவள் போய்விட்டால் அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பது யார்? மழையில் படம் மங்கினால் அப்பாவே பெயின்ட் வாங்கிவந்து பூசுவார்.

தேர்தல் வந்தது. சுவர்களில் இருந்த சின்னங்களை அழிக்கச் சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் வந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய ஆபீசர் எங்கள் சுவரைப் பார்த்தார். "இது எந்தக் கட்சி சின்னம்? புதுசா இருக்கு?"

அப்பா ஓடிப்போய்ச் சுவரை மறைத்து நின்று கும்பிட்டார். "கட்சி இல்லீங்க சார். எம் பொண்ணு படிக்கிற காலேஜு சின்னமுங்க."

ஆபீசர் நல்ல மனுஷன். "அப்படியா? அப்ப விட்டுடலாம். எத்தனாவது வருஷம் படிக்குது?"

"ரெண்டாவது வருசமுங்க."

அஞ்சு வருஷமாக அவள் இரண்டாவது வருஷம்தான்.

அம்மாவின் துணிகளை அலசுவதற்காக வாளியோடு வெளியே வந்த அக்கா நின்றாள். "அவரு சொல்றதக் கேக்காதீங்க சார். இந்த வூட்ல யாரும் காலேஜுல படிக்கல. பூசிடுங்க."

அப்பா அசையவில்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"நகருப்பா. சட்டையில சுண்ணாம்பு தெறிக்கும்."