உறைந்த ஏரிக்கு ஒரு கருவி

எந்த ஊரிலும் இரண்டு இரவுக்கு மேல் கால் தரிப்பதில்லை எனக்கு. நாளை பின்லாந்து, உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டில் போட வேண்டும். இன்று லண்டன் ஹவுன்ஸ்லோவில், தூண்டில் சாமான் கடையில், மீன் காட்டும் கருவி தேடி நிற்கிறேன். வெளியே மழை.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு கருவிகளை எடுத்து வைக்கிறார். ஒன்று தண்ணீரில் மிதக்கும் பந்து. படம் போனில் தெரியும். மற்றதற்குச் சொந்தத் திரை உண்டு. நான் பந்தை எடுக்கிறேன்.

"படகுக்கு அது போதும் அண்ணை. பனியிலை போனை வெளியிலை வைச்சா பற்றரி செத்துப்போம். பனி உடைஞ்சா ஆரைக் கூப்பிடுவியள்?"

"கூப்பிட யாரும் இல்லைங்க. தனியாத்தான் போறேன்."

பந்தை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுகிறார்.

"திரை உள்ளதைக் கொண்டுபோங்கோ. போனை நெஞ்சோடை சூடா வைச்சிருங்கோ. ஏரியிலை இறங்கேக்கை எனக்கொரு மெசேஜ், கரையேறினதும் இன்னொண்டு. வராட்டி அந்த ஊர்ப் பொலிசுக்குப் போன் அடிப்பன். ஏரிக்கு என்ன பேர்?"

சொல்கிறேன். வாயில் நுழையாத அந்தப் பெயரை, சரியாக வரும்வரை அவர் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார்.