போட்டது யார் பேரு

பூரணி பூண்டுலோயாவில் பிறந்து, 1990-இல் நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். லயத்து வரிசை வீடுகளில் என் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. கொழுந்து எடுத்துவிட்டு வந்து, உலை கொதிக்கிற நேரத்தில் மகளின் பழைய கொப்பிகளில் கட்டம் கட்டமாகப் படக்கதை வரைவாள். கட்டங்களுக்குள் கங்காணி, கணக்கப்பிள்ளை, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சண்டை போடும் நாங்கள் எல்லோரும் இருப்போம். என்னை வரையும்போது மட்டும் வாயைப் பெரிதாகப் போட்டுவிடுவாள். கோபிக்கவும் முடியாது, உள்ளதைத்தானே போட்டாள்.

மகளின் கொப்பி வழியாக அது பேரின்பநாயகம் சாரின் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தவர். நல்ல வெள்ளைத்தாளும் மைப் பேனாவும் வாங்கிக் கொடுத்து, "இது புத்தகமா வரவேணும், பூரணி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் நான்கு வருடம் வரைந்தாள். கல்யாணத்துக்குக்கூட கார்டு அடிக்காமல் கட்டிக்கொடுக்கப்பட்டவள். அட்டையில் தன் பேரை அச்சில் பார்க்க வேண்டும், அவளுக்கு இருந்தது அந்த ஆசை ஒன்றுதான்.

2005 சித்திரை மாதம், கொழும்புச் சனம் குளிர் தேடி நுவரெலியாவில் வந்து குவிந்த நேரம், அங்கே ஒரு மண்டபத்தில் சித்திரக்கதைக் கண்காட்சி வைத்தார்கள். வரைந்தவர்களே மேசை போட்டுத் தங்கள் படங்களை விற்கலாம். சார் ஒரு மேசை கேட்டு எழுதிக் கொடுத்தார், புத்தகத்தையும் அச்சுக்குக் கொடுத்தார்.

"சார், பேரு போட்டாச்சுங்களா?" என்று கேட்டாள் பூரணி.

"ஓம் ஓம், பேர் போட்டாச்சு."

எங்களுக்கு அது போதும். மலையில் பேரு போட்டாச்சு என்றால், வேலை செய்தவளுக்கு அன்றைய நாள்கூலி அவள் கணக்கில் எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். நிறை குறைந்தால் அரைப் பேரு. என் கொழுந்துக்கு இன்னொருத்தி பேரு விழுந்தால் மலையே சண்டைக்கு எழும்பும். அதனால் யார் பேரு என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அவளும் கேட்கவில்லை, வாய்க்காரி நானும் கேட்கவில்லை.

கண்காட்சியன்று இரண்டு பேரும் புதுச்சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். மேசையில் பச்சை அட்டைப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். 'கதையும் படமும்' என்பதற்குக் கீழே மூன்று தரம் கூட்டினேன். மூன்று தரமும் பேரின்பநாயகம் என்றே வந்தது.

"சார், எம் பேரு?" என்றாள் பூரணி.

"உள்ளுக்க நன்றி எண்டு போட்டிருக்கிறன், பிள்ளை. கொழுந்து எடுக்கிற ஆள் கீறின படம் எண்டால் ஆர் வாங்குவினம்?" பாசமாகத்தான் சொன்னார். அந்தப் பாசத்தைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

அதற்குள் கொழும்பிலிருந்து மகளோடு வந்த ஒரு அம்மா புத்தகம் வாங்கினார். "சேர், முதல் பக்கத்தில மகள்ட முகத்த வரைஞ்சு தாங்க" என்றார். சாருக்கு நேர்கோடு போடவே அடிமட்டம் வேண்டும். மனுசன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "கை சுளுக்கிப்போட்டுது. இவ என்னட்டப் படம் பழகிறவ, கீறித் தருவா" என்று பேனாவைப் பூரணியிடம் நீட்டினார்.

"வாடி, போவோம்" என்று அவள் இடுப்பில் கிள்ளினேன். ஆனால் அந்தப் பிள்ளை ஏற்கனவே நாற்காலியில் ஏறி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூரணி வரைந்தாள். உதிர்ந்த முன்பல் முதற்கொண்டு அச்சாக அந்தப் பிள்ளையேதான். கீழே 'பூரணி' என்று சின்னதாக எழுதினாள்.

"ஐயோ, அப்பிடியே இருக்கு!" என்றார் அந்த அம்மா. "சேர் எவ்வளவு நல்லாப் பழக்கியிருக்கிறீங்க! நீங்களும் ஒரு கையெழுத்து வச்சுத் தாங்க."

வைத்தார். சுளுக்கிய கையாலேயே வைத்தார். அந்தப் பெரிய கையெழுத்துக்கு அடியில் பூரணி என்பது ஒரு கிறுக்கலாகிப் போனது.

திரும்பி வரும்போது தலவாக்கலை தாண்டும்வரை நான் அந்த ஆளை வைதுகொண்டே வந்தேன். பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த பூரணியின் தோளைத் தட்டினேன்.

"ஏன்டி, ஒரு வார்த்த வையக்கூடாதா நீ?"

"வையத்தாங்க்கா வாயத் தொறந்தேன். மொதல்ல 'சார்'ன்னு வந்துருச்சு. அதுக்கு மேல ஒண்ணும் வரல."