வரிசையில் நின்ற கடைசிக் கணக்கு

அடையாற்று ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பார்த்த வேலையை என் கூட்டாளி ஒரே வரியில் சொல்லிவிடுவான்: "தேங்காய ஒடைக்காமலே அழுகலா நல்லதான்னு தட்டிப் பாத்துச் சொல்றோம் நைனா."

தட்டியது படிகங்களை, அதுவும் கணினிக்குள்ளேயே. உள்ளே மின்சாரத்தை விடாமல், மேல்தோலில் மட்டும் தங்குதடையின்றி ஓடவிடும் பொருள் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்ற தேடல். நான் இதைக் கல்லூரியில் படித்தவனில்லை. பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டவன். பக்கத்து நாற்காலியில் வடபழனிக்காரனான அவன்.

கணக்குகளை வரிசையில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். ஒன்று முடிந்ததும் கைபேசிக்குச் செய்தி வரும். மற்றவர்களுக்கு வெறும் எண். அவன் கணக்கு முடிந்தால் எனக்கும் வரும்படி அவன் எழுதிவைத்தது வேறு: "முடிஞ்சிட்சு நைனா. வந்து பாரு."

மழைக்காலத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. காரியத்துக்குப் போய்விட்டு மந்தைவெளி ஸ்டேஷனில் இறங்குகிறேன், சட்டைப்பை அதிர்ந்தது.

"முடிஞ்சிட்சு நைனா. வந்து பாரு."

கணினிக்குச் சாவு தெரியாது. அவன் நிறுத்திவிட்டுப் போன வரிசை தன்பாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. மீன் வாங்கும்போது வந்தது. முடிவெட்ட உட்கார்ந்திருந்தபோது வந்தது. நான் துள்ளியதைப் பார்த்து விவரம் கேட்ட கடைக்காரர் கத்தரியை நிறுத்தினார். "ஒரு தபா கூப்ட்டா திரும்பாத சார். பேய் ஒரு தபாதான் கூப்டும், மூணு தபா கூப்ட்டாதான் மனுசன்."

நான் ஒவ்வொரு முறையும் முதல் கூப்பாட்டுக்கே திரும்பினேன்.

கடைசியில் ஒன்றுதான் மிச்சம்: அவன் உயிராக நம்பிய பிஸ்மத் சேர்மம். எலக்ட்ரான்களின் இரண்டு ஆற்றல் மட்டங்கள் தலைகீழாக இடம் மாறிக் கிடந்தால்தான் அந்த மேல்தோல் ஓட்டம் வரும். மாறியிருக்கிறது என்றது முதலில் போட்ட வேகக் கணக்கு. ஆனால் வேகக் கணக்கு மட்டங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் குறைத்தே காட்டும். மாறாததையும் மாறியதாகச் சொல்லிவிடும். அதனால் மெதுவான, கறாரான கணக்கை அவன் போட்டுவைத்திருந்தான். அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் குழுத் தலைவி வந்து நின்றார். "அவர் அக்கவுண்ட்ட மூடச் சொல்றாங்க. மூடினா ஓடறதும் நின்னுடும்."

"இது ஒண்ணு மட்டும் மேடம்."

அவர் காலி நாற்காலியைப் பார்த்தார். "வந்ததும் சொல்லிடுங்க."

மத்தியானம், தயிர்சாதத்தில் கை இருக்கும்போது வந்தது. கழுவிக்கொண்டு ஓடினேன். இடைவெளி அகன்றிருந்தது. மட்டங்கள் மாறவேயில்லை. ஊரில் ஆயிரம் கிடக்கும் சாதாரணப் பொருள்.

இன்னும் நுணுக்கமாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் என்ன? அவன் அக்கவுண்ட்டிலேயே கட்டளையைத் தட்டச்சும் செய்துவிட்டேன். விடை மாறாது என்று தெரியும். எனக்கு வேண்டியது விடையில்லை. அந்தச் செய்தி இன்னொரு முறை.

முன்பொருநாள் வேறொரு பொருளை நான் இப்படி விடாமல் நோண்டியபோது, நாற்காலியோடு சுழன்று சிரித்தான்: "இன்னா நைனா, பொணத்துக்கு ஊசி போட்டுக்கினு கீற?"

கட்டளையை அழித்தேன். எழுந்து போய்ச் சொன்னேன்: "மூடிடுங்க மேடம்."

இப்போதும் சட்டைப்பை அதிர்ந்தால் மூன்று வரை பொறுக்க முடிவதில்லை. எடுத்துப் பார்க்கிறேன். கேஸ் சிலிண்டர் வந்துகொண்டிருக்கிறதாம்.