கல்முனைக்குக் கொண்டுபோன புளித்த வைன்

அம்பாறைக் கரைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அறுகம்பைக்கு அலை பார்க்கப் போவார்கள். மீதிப்பேர் உறவினர் கல்யாணத்துக்குப் போவார்கள். நான் போனது கெட்டுப்போன வைனை வினாகிரியாக (வினிகராக) விற்க. இந்த வருடம் பங்குனி முடிகிற நேரம், ஒரு வியாழக்கிழமை யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, இரவு மட்டக்களப்பில் தங்கி, வெள்ளிக்கிழமை காலை கல்முனைப் பக்கம் புறப்பட்டேன். வெள்ளிக்கிழமை போனது முதல் பிழை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் முந்திரிகைத் தோட்டக்காரர் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். (எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. தமிழ்நாட்டு வாசகர்கள் முந்திரிப் பருப்பை நினைத்துக் குழம்ப வேண்டாம்.) சந்தையில் விலைபோகாமல் மிஞ்சும் பழத்தில் வைன் செய்கிறோம். மதுவரி அனுமதி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நான்தான் செயலாளர். ஐரோப்பாவில் உள்ள ஒரு சிறிய உதவி அமைப்பு எங்களுக்குப் பழம் பிழியும் இயந்திரம் தந்தது, ஆய்வுகூடச் செலவைக் கொடுத்தது, குளிரறை கட்டவும் பணம் அனுப்பியது. சுவர் எழும்பியது, கூரையும் போட்டாயிற்று. குளிரூட்டும் இயந்திரம் வரவேண்டிய நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது.

வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகளை இறுக்கிப் பிடிக்க இங்கே புதிய சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது அல்லவா, அது அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. யார் யார் பதிய வேண்டும், பணம் வரமுன் அனுமதி எடுக்க வேண்டுமா, எடுக்காவிட்டால் தண்டனை என்ன என்று ஒருவருக்கும் திட்டவட்டமாகத் தெரியாது. சட்டத்தின் முடிந்த வடிவத்தை நானும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. ஆனாலும் "தெளிவு வரும்வரை நிறுத்தி வைக்கிறோம்" என்று எழுதிவிட்டார்கள். சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உதவிப் பணத்தில் சொகுசு வாகனம் ஓடியவர்களை எனக்கும் தெரியும், கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் நெல்லை மூட்டையில் கட்டி வைத்துவிட்டுத் தெளிவு வரும்வரை காத்திருக்கலாம். வைன் காத்திருக்காது. குளிரில்லாத குளிரறைக்குள், மாசி வெயிலில், எட்டு நீலப் பரல்களிலும் (பிளாஸ்டிக் பீப்பாய்கள்) இருந்த வைன் புளித்துவிட்டது.

அப்போதுதான் பர்ஹானாவின் நினைவு வந்தது. கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். முன்பு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார், இப்போது அச்சாறு, அதாவது ஊறுகாய், செய்து விற்கிறார். கொழும்பில் சிறு உற்பத்தியாளருக்கு நடந்த ஒரு பயிற்சியில் பழக்கம். அன்றைக்கு நான் நன்கொடையாளரின் பெயர் அடித்த சட்டையுடன், மடிக்கணினியுடன், பெரிய ஆள் மாதிரி இருந்தேன். அவர் பிளாஸ்டிக் பையில் நாலு போத்தல் அச்சாறு கொண்டு வந்திருந்தார். இப்போது அவருடைய அச்சாறு இல்லாமல் அந்தக் கரையில் கல்யாணச் சாப்பாடு இல்லை என்கிறார்கள். தேங்காய் வினாகிரிக்குப் பதில் பேரீச்சம்பழ அச்சாற்றுக்கு நல்ல திராட்சை வினாகிரி தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன். தொலைபேசியில் கேட்டேன், மாதிரி கொண்டுவரச் சொன்னார். இந்தச் சரக்கு விலைபோகாவிட்டால் சங்கத்தில் பாதிப்பேர் பந்தலைப் பிடுங்கிவிட்டு வெங்காயம் நடுவதாக முடிவு. பிடுங்கிய கொடி திரும்ப வராது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் சாய்ந்தமருதிலேயே இறங்கலாம், ஆனால் நான் கல்முனை நகரத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அங்கே இறங்கினேன். நான் போன நாளில் கட்டணம் நூற்றெழுபது ரூபாய். காலை ஒன்பதரைக்கு ஏறி பதினொன்றுக்கு இறங்கினேன். இடப்பக்க சன்னலோரம் பிடியுங்கள். கல்லடிப் பாலம், காத்தான்குடியின் ஈச்சமரங்கள், பிறகு வலப்பக்கம் வாவியும் இடப்பக்கம் தென்னைகளுக்கு அப்பால் கடலும் என்று கண்ணுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். மருதமுனையில் கைத்தறிச் சாரம் (லுங்கி) வாங்கலாம். நான் வாங்கவில்லை, வினாகிரி விற்ற பிறகு வாங்கலாம் என்று இருந்தேன்.

என் மடியில் இரண்டு மாதிரிப் போத்தல்கள். செய்தித்தாளில் மூன்று சுற்றுச் சுற்றியும் மணம் விடவில்லை. பக்கத்தில் இருந்த தாடிக்காரர் ஒருமுறை பையைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார், பிறகு ஆரையம்பதியில் வேறு இருக்கைக்கு மாறிவிட்டார். களுவாஞ்சிக்குடி தாண்டும்போது சங்கப் பொருளாளர் தேவா தொலைபேசியில் வந்தான். என் வயதுக்காரன், எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளிவைப்பவன்.

"மச்சான், பின்னுக்குக் கிடக்கிற கடைசிப் பரலுக்கு இன்னும் தாய் போடேல்லை. போடட்டோ?"

தாய் என்றால் வினாகிரித் தாய். பழைய வினாகிரியில் மிதக்கும் வழுவழுப்பான சவ்வு. புளித்த வைனில் அதைப் போட்டால் சீக்கிரம் நல்ல வினாகிரியாகும். உதவி அமைப்பின் நிபுணர் ஒருவர் முன்பு வந்தபோது ஒரு கண்ணாடிப் போத்தலில் கொண்டுவந்து தந்து, பழக்கியும் விட்டுப் போனார். ஏழு பரல்களுக்கு நானே என் கையால் போட்டிருந்தேன்.

"இதையும் கேட்டுக்கொண்டே நிக்கிறாய்? போடு" என்று சொல்லி வைத்தேன்.

கல்முனையில் இறங்கினால் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். சாய்ந்தமருதுக்கு முந்நூறு கேட்டார்கள். பேரம் பேசவில்லை. நான் பெயரைச் சொல்லத் தொடங்கவே ஓட்டுநர் சிரித்தார்.

"அச்சாறு ராத்தாட வீட்டயா? ஏறுங்க சேர். பேக்ல என்ன, புளிச்ச மணமா இரிக்கி?"

"வினாகிரி."

"அப்ப சரியான இடத்துக்குத்தான் போறீங்க. ஆனா ஒண்டு, திரும்பக் கூட்டிட்டுப் போக உடனே வர ஏலா. ஜும்ஆ நேரம். ராத்தாட வாசல்ல இறக்கிட்டு நான் நேர பள்ளிக்கு."

இதுதான் நான் சொன்ன பிழை. வெள்ளி மதியம் பள்ளிவாசல் தொழுகைக்காக இந்தப் பக்கம் கடைகள் மூடியிருக்கும், வீதி வெறிச்சென்றிருக்கும். வியாபாரம் பேசப் போகிறவர்கள் வேறு நாள் போங்கள். இன்னொன்றும் எனக்குக் குத்தியது. பர்ஹானாவை இந்த ஊரில் ஆட்டோக்காரருக்கும் 'அச்சாறு ராத்தா', அச்சாறு அக்கா, என்று தெரிகிறது. எங்கள் வைன் எங்கே செய்கிறார்கள் என்று யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

வீட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறெரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, எரிந்ததுதான். முன்பக்கம் வீடு, பின்பக்கம் வெள்ளை ஓடு பதித்த வேலைக்கூடம், அதற்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கையுறை போட்டுக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள். மூலையில் ஒரு குளிர் அறை. உண்மையாகவே குளிர்கிற குளிர் அறை. கதவைத் திறந்து காட்டியபோது முகத்தில் காற்று அடித்தது. எனக்குள் ஒரு சின்ன அழுகை வந்து போனது.

"இதுக்கு எங்கயிருந்து பணம்?" கேட்கக்கூடாதுதான், வாய் கேட்டுவிட்டது.

"மாப்பிள்ள கட்டார்லதானே" என்றார் பர்ஹானா. "அவர் அனுப்பினத வெச்சித்தான் போட்ட. வெளிநாட்டுக் காசு வந்தா பேங்க்ல மனேஜரே எழும்பி வந்து டீ தாறார் அண்ணன்."

பாருங்கள். அவருக்கு வந்ததும் வெளிநாட்டுப் பணம், எங்களுக்கு வந்ததும் வெளிநாட்டுப் பணம். அவருடையது கணவர் பெயரில் வந்ததால் தேநீர். எங்களுடையது சங்கத்தின் பெயரில் வந்ததால் சந்தேகம். ஒரு மனிதன் பாலைவன வெயிலில் காய்ந்து அனுப்பும் பணத்தோடு என் பணத்தை ஒப்பிடுவது சரியில்லை என்று மூளைக்குத் தெரிந்தது. வயிற்றுக்குத் தெரியவில்லை.

போத்தலை வெளியே எடுக்கப் போனேன், விடவில்லை. "முதல்ல சாப்பாடு, பிறகு வியாபாரம் கதைப்பம்" என்றார். நெய்ச்சோறு, கோழிப் பொரியல், பக்கத்தில் அந்தப் பேரீச்சம்பழ அச்சாறு. அது நன்றாக இல்லாமல் இருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு போத்தலை மேசையில் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து மணந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ், நல்ல நிறம். அண்ணன், ஒண்டு கேக்கன். இது வைனா இருந்து தானாப் புளிச்சதா, இல்லாட்டி ஏதும் போட்டுப் புளிக்க வெச்சீங்களா?"

தரத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சும்மா விடேல்லை, விஞ்ஞான முறைப்படிதான் செய்தனாங்கள்" என்று தொடங்கி, நிபுணர், தாய், சவ்வு எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் விளங்கப்படுத்தினேன். நான் பேசப் பேச அவர் மூடியை மெதுவாகத் திருகிப் பூட்டி, போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அப்ப நான் எடுக்க ஏலா அண்ணன்."

"ஏன்? என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்ல. எங்கட மத்ஹபுப்படி, அதான் எங்கட மார்க்கச் சட்ட வழிப்படி, வைன் தானா வினாகிரியா மாறினா அது சுத்தம், ஹலால். ஆக்கள் ஒண்டப் போட்டு மாத்தினா சுத்தமாகா. போட்ட சாமானும் அதோட சேந்து கெட்டுப்போகும். வேற மத்ஹபுக்காரங்க வேற மாதிரிச் சொல்லுவாங்கதான். ஆனா இஞ்ச என்ட போத்தல வாங்கிற ஒரு ஆள் வந்து கேட்டா நான் என்ன சொல்ற? கள்ளு வினாகிரி தாற ஆக்களிட்டயும் நான் முதல்ல இதத்தான் கேக்கிற."

அந்தக் கரையில் அச்சாறு போடும் எந்தப் பெண்ணும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார். நான் பயிற்சி எடுத்து, செலவு செய்து, ஏழு பரலுக்கும் கவனமாகச் செய்திருக்கிறேன். சரி, அடுத்த அறுவடைக்கு ஒன்றும் போடாமல் விடுகிறேன், முற்பணம் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அதுவும் முடியாதாம். வைனாக இருக்கும்போது பணம் தந்தால் வைனை வாங்கின மாதிரி ஆகிவிடும். தானாக வினாகிரியான பிறகு கொண்டுவாருங்கள், ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்த்து நல்ல விலைக்கு எடுக்கிறேன் என்றார்.

அந்த இடத்தில்தான் என் பொறாமை உச்சத்துக்குப் போனது. குளிர் அறையைப் பார்த்து வந்தது சின்னப் பொறாமை. இது பெரிது. இந்தப் பெண்ணுக்குத் தன் சட்டம் தெரிகிறது. எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது, பணத்தை எந்த நேரத்தில் கொடுக்கலாம் என்று ஒரு கணம் யோசிக்காமல் சொல்கிறார். வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும். எனக்கு எதிரான தீர்ப்பைக்கூட அவர் பத்து வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார். எங்களுக்கு வரப்போகிற சட்டமோ என்னவென்றே தெரியாது, தெரியாத சட்டத்துக்குப் பயந்தே ஒரு வருட வைன் போய்விட்டது. இல்லை என்றாவது தெளிவாகச் சொன்னால் வேறு வழி பார்த்திருப்போமே.

திடீரென்று கடைசிப் பரல் நினைவுக்கு வந்தது. தேவாவுக்கு எடுத்தேன். மூன்று தரம் அடித்தும் எடுக்கவில்லை. நான்காம் தரம் தூக்கக் குரலில் வந்தான்.

"தேவா, கடைசிப் பரலுக்குத் தாய் போட்டாச்சோ?"

முதலில் ஒரு கொட்டாவிதான் கேட்டது.

"கோபிக்காதை மச்சான். சரியான வெயிலாக் கிடந்தது. பின்னேரம் போடுவம் எண்டு கொஞ்சம் படுத்திட்டன்."

"போடாதை! தொடாதை! கிட்டவும் போகாதை!"

நான் கத்தியதில் வெங்காயம் உரித்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பர்ஹானா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த அண்ணனுக்கு ஒரு போத்தல் அச்சாறு கொண்டு போங்க" என்று இரண்டு போத்தல்களைப் பையில் வைத்தார். இத்தனை வருடங்களில் தேவாவின் சோம்பேறித்தனத்துக்கு யாரும் பரிசு கொடுத்ததை நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு போத்தலும் சொந்தமாகத் தரவில்லை என்பதையும் கவனித்தேன். இரண்டாவது சங்கத்துக்காம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கல்முனையில் தங்குமிடங்கள் குறைவு, மட்டக்களப்பில் தங்கிக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்புவது வசதி. பள்ளிவாசல் பக்கம் போவதாக இருந்தால் நீளக் காற்சட்டை போடுங்கள். சாய்ந்தமருதுக் கடற்கரை மாலையில் நன்றாக இருக்கும், ஆனால் சுனாமி அங்கே எத்தனை வீடுகளைக் கொண்டுபோனது என்பதை அறிந்துகொண்டு நடங்கள், கூச்சலிட்டுப் படம் எடுக்காதீர்கள். ஒருவர் வீட்டுக்குப் போனால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். சிறு உற்பத்தி செய்து அந்தப் பக்கம் விற்க நினைப்பவர்கள், என்ன போட்டுச் செய்தோம் என்பதை விட, எதைப் போடக்கூடாது என்பதை முதலில் கேளுங்கள். வெளிநாட்டு உதவியோடு நடக்கும் சங்கம் என்றால், அந்த உதவி நாளைக்கு நின்றால் எந்த அறை பாதியில் நிற்கும் என்று இன்றைக்கே யோசித்து வையுங்கள்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரம், ஏழு பரல் வினாகிரிக்கும் வாங்குபவர் யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை. கூட்டத்தில் பந்தல் பிடுங்கும் பேச்சு திரும்பவும் வந்தது. எட்டாவது பரல் விலைபோவதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று சொல்லித் தள்ளிவைத்திருக்கிறோம். இப்படித் தள்ளிவைக்கும் யோசனையைச் சொன்னது தேவாதான். தினமும் மாலையில் அந்தக் குளிரில்லாத குளிரறைக்குப் போய்ப் பார்க்கிறேன். நிபுணர் வந்து பழக்கி, பணம் வந்து, நானும் கைபோட்டு உதவிய ஏழும் முன்வரிசையில் நிற்கின்றன. பின்னுக்குக் கிடக்கும் எட்டாவதற்கு ஒருவரும் ஒரு உதவியும் செய்யவில்லை, அதுதான் கல்முனைக்குப் போகப்போகிறது. ஒரு பிளாஸ்டிக் பரலைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது.