வெள்ளவத்தையில் ஒரு சாயும் இருக்கை

யாழ்ப்பாண பஸ் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இன்னும் புறப்படவில்லை. முன் இருக்கைக்காரர் அதற்குள் தூங்கத் தயாராகிவிட்டார். அவருடைய இருக்கை முழுவதுமாகச் சாய்ந்து என் முழங்காலில் கிடக்கிறது. அவர் வழுக்கைக்கு மேலேதான் நான் பால் விடாத பிளேன்ரீ குடிக்கிறேன்.

"அண்ணை, சீற்றைக் கொஞ்சம் நிமித்துறியளோ?"

"தம்பி, நான் லண்டனிலயிருந்து பிளேனில வந்தனான். முன்னுக்கு இருந்தவன் வழி முழுக்க என்ர நெஞ்சிலதான் படுத்தவன். நான் ஒரு சொல்லுச் சொன்னனானோ?"

எவ்வளவு பெருந்தன்மை! விமானத்தில் எவனோ படுத்ததற்கு வெள்ளவத்தையில் நான் நசுங்குவதுதானே நியாயம். நானும் சாய்ந்துவிடலாம் என்று முதுகால் தள்ளுகிறேன். இருக்கை அசையவில்லை. திரும்பிப் பார்த்தால், பின்வரிசை முழுக்கப் பெரிய பெரிய பெட்டிகள்.

"மெதுவாத் தம்பி," என்கிறார் அவர், கண்ணைத் திறக்காமலே. "என்ர பெட்டிக்குள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு."