மிச்ச ஃபோம்

பைக்காரா ரோட்டில் ஒரு குடியிருப்பில், நான் உடன் நின்று மாட்ட வைத்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. இருபத்தாறு வருஷமாக ஊட்டியிலும் குன்னூரிலும் ஜன்னல் மாட்டுகிறேன். இவ்வளவு சுத்தமான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்போது பலர் போனில் வீடியோ பார்த்துவிட்டுத் தாங்களே ஜன்னல் மாட்டுகிறார்கள். தாராளமாக மாட்டுங்கள். அதற்கு முன்னால் இதை ஒரு தரம் படித்துவிடுங்கள்.

1. அளவு

அந்த வீட்டு முத்தையா அண்ணன் தேயிலை பேக்டரியில் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். அவருக்கு மூச்சிழுப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய மர ஜன்னலில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. நெஞ்சில் குளிர் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி சிவகாமி அக்காதான் என்னைத் தேடி வந்தார்.

"இன்னொரு பனிக்காலம் இவரு தாங்க மாட்டாரு தம்பி. காத்தே வரக்கூடாது, பாத்துச் செய்ங்க."

நான் போனதும் அண்ணன் கையை நீட்டித் தடுத்துவிட்டார். "சாமானக் கொண்டாந்தா போதும். மாட்டுறது நான். ஸ்டோர்ல மிசினக் கழட்டி மாட்டுன கை இது." பேக்டரியை அவர் கடைசிவரை ஸ்டோர் என்றுதான் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, இப்பவே மூச்சு வாங்குதுங்களே."

"மூச்சுதான வாங்குது. கை நடுங்குதா பாரு."

நடுங்கவில்லை. சுவர்த் திறப்பை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். நான் சொல்லாமலே மூன்றில் சிறிய அளவை எடுத்துக்கொண்டு, அதிலும் பத்து எம்எம் குறைத்தார். யுபிவிசி பிளாஸ்டிக் பிரேம் வந்த அன்று, தண்ணீர் வெளியே வழியும்படி திறப்பின் அடிப்பக்கத்தைச் சிமெண்டால் சரிவாகப் பூசிக் காய வைத்திருந்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது. பேக்கிங், ஆங்கர் ஸ்க்ரூ, சுற்றிலும் இடுக்கில் பொங்கி இறுகும் ஃபோம், வெளிப்பக்கம் சிலிக்கான், எல்லாம் அவர் கைதான். பிரேமின் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகளை மட்டும் அடைக்கக்கூடாது என்றேன். "அது தெரியாதா?" என்று முறைத்தார்.

டிரில் ஒயரை இழுக்க இடம் போதவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புச் சட்டியை நான்தான் ஓரமாக நகர்த்தினேன். சட்டிக்குள் கரியும் சாம்பலும் கிடந்தன. குளிருக்குக் கரிச்சட்டி வைத்துக்கொண்டு படுப்பது இங்கே பல வீடுகளில் உண்டு, என் வீட்டிலும் உண்டு. அதனால் பார்த்தும் பார்க்காதவன் ஆனேன்.

2. ஊதுபத்தி

வேலை முடிந்ததும் காற்று வருகிறதா என்று பார்க்க எங்களிடம் மெஷின் கிடையாது. ஊதுபத்தி ஏற்றி ஜன்னல் ஓரமாகப் பிடிப்போம். அண்ணன் ஏற்றினார். நான்கு ஓரத்திலும் புகை நேராக ஏறியது. அக்கா சிரித்துவிட்டார்.

அறை நடுவுக்கு வந்ததும் புகை வளைந்தது. வளைந்து, கதவுக்கு மேலே போய், ஓட்டுக்குக் கீழே சுவரில் இருந்த கையகல ஓட்டைக்குள் நுழைந்தது.

"அங்கன போகுது பாரு" என்றார் அண்ணன்.

ஃபோம் டப்பாவை ஒரு தரம் திறந்துவிட்டால் மறுநாளுக்குள் வாய் இறுகிவிடும். அதனால் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. கண்ணில் படும் ஓட்டையில் எல்லாம் அடித்துவிட்டு வருவோம், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். நான் ஸ்டூலில் ஏறி மொத்தத்தையும் அதற்குள் அடித்தேன். பொங்கி, சுவரோடு சுவராக நிறைந்தது. அண்ணன் மறுபடி ஊதுபத்தியைப் பிடித்தார். புகை அசையவே இல்லை.

"கெட்டிக்காரன்டா நீ" என்றார்.

அந்த வீட்டில் என் கை செய்த ஒரே வேலை அதுதான்.

3. கத்தி

உறைபனி தொடங்கிய வாரம். அக்கா, மகளைப் பார்க்கக் கேத்திக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டார். திரும்பி வந்த காலையில் கதவைத் தட்டினால் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் பார்த்தபோது அண்ணன் கம்பளியோடு படுத்தபடியே போயிருந்தார். சட்டியில் கரி பாதிதான் எரிந்திருந்தது. புகை போக வழியில்லாத அறை, கரியின் விஷவாயுதான் ஆளைக் கொன்றது என்று பார்க்க வந்த டாக்டர் சொன்னாராம்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகுதான் எனக்குப் போகத் தைரியம் வந்தது. அக்கா டீ கொடுத்தார். அவரே ஆரம்பித்தார்.

"சன்னல்ல ஒரு குத்தமும் இல்ல தம்பி. நேத்து அடிச்ச மழைக்குக்கூட ஒரு சொட்டு வரல. அவரு மாட்டுனதாச்சே."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பேசாமல் வந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"அக்கா, சன்னல் இல்லீங்க. அந்தா, அந்த ஓட்டைய அடைச்சது நானுங்க. சட்டியவும் பாத்தனுங்க. பாத்துட்டுத்தான் அடைச்சனுங்க."

அவர் மேலே பார்த்தார். மஞ்சளாகக் காய்ந்திருந்த ஃபோமைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய்க் காய்கறிக் கத்தியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

ஸ்டூலில் ஏறி அறுத்தேன். காய்ந்த ரொட்டியைப் போலத் துண்டு துண்டாக வந்தது. கடைசித் துண்டு வெளியே விழுந்ததும் பனிக்காற்று முகத்தில் அடித்தது.

"குளிருமுங்கக்கா" என்றேன்.

"குளிரட்டும்."

என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் யோக்கியதையும் எனக்கில்லை.

இப்போதும் வேலை முடிந்ததும் ஊதுபத்தி ஏற்றுகிறேன். ஜன்னல் ஓரத்தில் புகை நேராக நிற்க வேண்டும். அறை நடுவில் அது எங்காவது ஒரு பக்கம் சாய வேண்டும். சாயாவிட்டால் சுவரில் துளை போடாமல் நான் கிளம்புவதில்லை. "காத்து வரக்கூடாதுன்னுதானுங்க உங்களக் கூப்புட்டோம்?" என்று கோபப்படுகிறவர்களிடம் முத்தையா அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். துளை இருந்தாலும் கரிச்சட்டியோடு படுக்காதீர்கள் என்றும் சொல்கிறேன். பிறகு, யார் என்ன நினைத்தாலும் சரி, குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.